பிள்ளை மீது வழக்கு: இளைஞர் நீதிக் குழுமத்திற்கு முதல் முறையாக வரும் பெற்றோருக்கு

"உங்க பையன் ஸ்டேஷன்ல இருக்கான், வந்து பாருங்க" என்ற அழைப்பு பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் வருகிறது. அதைக் கேட்டதும் பெற்றோர் முதலில் ஊரில் செல்வாக்குள்ள யாரையாவது தேடி ஓடுகிறார்கள். வார்டு கவுன்சிலர், கட்சிக்காரர், தெரிந்த ஏட்டு என்று ஒவ்வொரு வாசலாக நின்று முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதுவரை அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக 18 வயது நிரம்பாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் தாழ்வாரத்தில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். கையில் ஒரு மஞ்சள் பையோடு, எந்த அறைக்குள் போவது என்று தெரியாமல் அங்கே வந்து நின்ற தாய் தந்தையரிடம் வாய்மொழியாகச் சொல்லிவந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரியவர்களின் நீதிமன்றம் குற்றம் நடந்ததா இல்லையா என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கும். இளைஞர் நீதிக் குழுமம் அதோடு இன்னொன்றையும் பார்க்கிறது. இந்தப் பிள்ளை திரும்பிப் போகப்போகிற வீடு எப்படிப்பட்டது, அங்கே அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதே அது. முதல் கேள்விக்கு வழக்கறிஞர் பதில் சொல்வார். இரண்டாவது கேள்விக்கு உங்களைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பையன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன் என்றாலும், பெண் பிள்ளைகளுக்கும் 2015-ஆம் ஆண்டின் இதே இளைஞர் நீதிச் சட்டம்தான். அவர்களோடு பெண் காவலர் இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு

அழைப்பு வந்ததும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். பையனின் பிறந்த தேதி உள்ள பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, உங்கள் ஆதார் அட்டை, இவற்றின் நகல்கள், அவன் மருந்து சாப்பிடுகிறவனாக இருந்தால் அந்த மாத்திரையும் மருத்துவர் சீட்டும், ஒரு மாற்றுடை, கொஞ்சம் சாப்பாடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டை ஒப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு நிலையத்தில், தாய் ஒருவர் எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். தலையைக் குனிந்தபடி யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த பையன் இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகுதான், சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, "இங்க வலிக்குதும்மா" என்றான். அதுவரை அங்கே யாரும் கேட்காத கேள்விக்கு அந்தச் சாதம் பதில் வாங்கித் தந்தது.

நிலையத்தில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்பதைச் சட்டமும் விதிகளும் தெளிவாகவே சொல்கின்றன. 18 வயது நிரம்பாதவரைப் பிடித்தால் அவரைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ, அந்த நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ ஒப்படைக்க வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். குழுமம் அன்று கூடவில்லை என்றால் அதன் உறுப்பினர் ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தலாம் என்பதால், "நாளைக்கு லீவு, திங்கட்கிழமைதான்" என்பது ஏற்கத் தக்க பதில் அல்ல.

இவற்றையெல்லாம் உரத்த குரலில் ஒப்பிக்க வேண்டியதில்லை. "குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யாருங்க ஐயா? அவர்கிட்ட பேசணும்" என்று அமைதியாகக் கேளுங்கள். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துவிடும். பிறகு, எந்தப் புகாரின் பேரில் பிடித்தார்கள், முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். இந்தச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றம் என்று புகார் இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ மட்டுமே சிறார் மீது முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். மற்றவற்றில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதே முறை.

உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே சண்டை பிடிப்பதில் பயனில்லை. மறுநாள் குழுமத்தில் முதல் வேலையாக அதைச் சொல்லி, மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி கேளுங்கள். வழி தெரியாமல் தவிக்கும்போது குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100 ஆகிய இரண்டையும் அழைக்கலாம்.

அன்றிரவு செய்யக் கூடாதவையும் உண்டு. பையனை எல்லோர் முன்னிலையிலும் அடிக்காதீர்கள். உங்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த அடியைப் பார்க்கிற காவலர் "வீட்டிலேயே இப்படித்தான்" என்று எழுதினால் அது பின்னால் வந்து நிற்கும். அவனுடைய கைபேசியில் உள்ள எதையும் அழிக்காதீர்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். அது தடயத்தை மறைத்ததாக உங்கள் மீதே திரும்பலாம்.

வயது

வழக்கு எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது வயதுச் சான்றுதான். மீசை அரும்பிய 17 வயதுப் பையனைப் பார்த்துவிட்டு 19 என்று எழுதிவிடுவது நடக்கிறது. எழுதிவிட்டால் அவன் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் போய்விடுவான். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அவனுக்கு என்ன வயது என்பதே கணக்கு, பிடிபட்ட நாளின் வயது கணக்கில் வராது. விசாரணை நடக்கும்போது 18 நிறைந்துவிட்டாலும் குழுமமே தொடர்ந்து விசாரிக்கும்.

சான்றுகளுக்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில் வரும். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை முன்னே பின்னே கொடுத்த குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். இரண்டு சான்றிலும் தேதி வேறுபட்டால் அதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பையனைத் தவறாக வேறு நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டால், "சம்பவத்தன்று இவனுக்கு 18 நிரம்பவில்லை" என்ற வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட எழுப்பலாம்.

குழுமத்தின் முன்

குழுமம் இருக்கும் இடத்தை முந்தைய நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாவட்டங்களில் அது, விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்ல வளாகத்திலேயோ அதன் அருகிலேயோ இருக்கும். சென்னையில் கெல்லீஸ் என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். வழக்கமான நீதிமன்ற வளாகத்தில் போய்த் தேடி, பெயர் கூப்பிட்ட நேரத்தில் வந்து சேராத பெற்றோர் ஒவ்வொரு மாதமும் இருந்தார்கள்.

உள்ளே கூண்டு இருக்காது, உயர்ந்த மேடை இருக்கக் கூடாது, காவலர்கள் சீருடையில் நிற்கக் கூடாது. ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் அமர்ந்திருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். கேள்விகள் பையனிடமும் வரும், உங்களிடமும் வரும். என்ன படிக்கிறான், யாரோடு பழகுகிறான், நீங்கள் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "என் பிள்ளை தங்கம் சார், எல்லாம் சேர்க்கை தோஷம்" என்ற வசனத்தை அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். "இரவு ஷிப்டுக்குப் போகிறேன், அவன் எப்போது வீட்டுக்கு வருகிறான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி என் தங்கை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறாள், இதோ வந்திருக்கிறாள்" என்று சொன்ன ஒரு தாயைக் குழுமத்தார் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். தவறை ஒப்புக்கொண்டு அடுத்த ஏற்பாட்டையும் கையோடு கொண்டுவருகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்க அவர்களுக்குத் தயக்கம் குறைகிறது.

பிணை விஷயத்தில் சிறாருக்குப் பெரியவர்களைவிட நல்ல நிலை இருக்கிறது. குற்றம் பிணையில் விடத் தக்கதா இல்லையா என்ற பாகுபாடே இங்கே கிடையாது. பிணையில் விடுவதுதான் பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்துக்கு உள்ளாவான், அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அந்தக் காரணங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு, வீட்டையும் தெருவையும் பற்றியவை. அதனால்தான் பிணை மனுவோடு, பையன் எங்கே தங்குவான், பகலில் யார் உடன் இருப்பார்கள், பள்ளிக்கோ பயிற்சிக்கோ யார் கூட்டிப்போவார்கள் என்பதை எழுதித் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பழைய கூட்டாளிகள் அடுத்த தெருவில் இருந்தால், வேறு ஊரில் உள்ள பாட்டி வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கவைக்க முடியுமா என்று யோசித்து, அந்த உறவினரையும் அழைத்துவாருங்கள். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் பிள்ளை உள்ளேயே இருந்தால் மனம் தளர வேண்டாம். நிபந்தனையை 7 நாளுக்குள் நிறைவேற்ற முடியாதபோது, அதை மாற்றுவதற்காக அவனை மறுபடியும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வழக்கறிஞர்

சிறாருக்கு இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு, உங்கள் வருமானத்தை யாரும் கேட்க மாட்டார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் வழக்கறிஞருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. சொந்தமாக வைத்துக்கொள்வதென்றால், குழுமத்தில் தொடர்ந்து வழக்கு நடத்துகிறவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொலை வழக்குகளில் பெயர் வாங்கியவர் என்பதால் மட்டும் இந்த அறையின் பழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்று "இன்னைக்கே வெளியே எடுத்துத் தர்றேன்" என்று பணம் கேட்கிறவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். தாலியை அடகு வைத்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதே தாழ்வாரத்தில் உலவும் இன்னொரு யோசனை, "ஒத்துக்கிட்டா உடனே அனுப்பிடுவாங்க" என்பது. செய்யாததை ஒப்புக்கொள்ளும்படி உங்கள் பிள்ளையிடம் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுத்த பொய்யை மனப்பாடம் செய்யவும் வைக்காதீர்கள். நடந்ததை வழக்கறிஞரிடம் தனியாக, முழுதாகச் சொல்ல விடுங்கள். நீங்கள் அறையில் இருந்தால் சில விஷயங்களைச் சொல்ல அவன் கூச்சப்படுவான் என்பதால், அந்த அரை மணி நேரம் வெளியே நிற்பதும் பெற்றோரின் வேலைதான்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது

வழக்கின் போக்கை மாற்றக்கூடிய காகிதம் ஒன்று உண்டென்றால் அது நன்னடத்தை அலுவலரின் சமூகப் புலனாய்வு அறிக்கைதான். பிள்ளையின் குடும்பம், படிப்பு, நட்பு, உடல்நிலை, பழக்கவழக்கம், சம்பவத்துக்கான சூழல் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குள் விசாரித்து அவர் குழுமத்துக்குத் தர வேண்டும். அவர் போலீஸ்காரர் என்று பயந்து பூட்டிக்கொண்டு போய்விட்ட குடும்பங்கள் உண்டு. "வீடு பூட்டியிருந்தது" என்ற ஒரு வரியைவிடப் பாதகமானது அந்த அறிக்கையில் எதுவும் இருக்க முடியாது.

அவர் வருகிற நாளுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம். ஒற்றை அறை வீட்டை அவர்கள் குறையாக எழுதுவதில்லை. அவன் எங்கே படுக்கிறான், புத்தகப்பை எங்கே மாட்டியிருக்கிறது, அதில் இந்த வருடத்துப் புத்தகம் இருக்கிறதா, வீட்டில் குடிக்கிறவர் உண்டா, அடிதடி உண்டா என்பவற்றைத்தான் பார்ப்பார்கள். ஒரு வீட்டில் அலுவலர் தேநீர் டம்ளரை வாங்கிக்கொண்டே, "பையனோட பெஸ்ட் ஃபிரண்ட் பேர் என்ன?" என்று தந்தையிடம் கேட்டாராம். தந்தைக்குத் தெரியவில்லை. எட்டு வயதுத் தங்கை, ஓரமாக நின்றவள், மூன்று பேரின் பெயரைச் சொன்னாள். அந்தத் தந்தை அதை என்னிடம் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் அந்த மூன்று பேரின் வீட்டுக்கும் போய் அவர்களின் பெற்றோரைப் பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் உள்ள சிக்கலைச் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். சொல்லுங்கள் என்பதே என் கருத்து. கணவர் குடிப்பதை மறைத்தால் அது அக்கம்பக்கத்தார் வாயிலாக எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்களே சொல்லி, அதற்காக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொன்னால், உதவி தேவைப்படும் குடும்பம் என்று எழுதப்படும். பையனுக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்தாலும் இப்படியே. மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு, நீங்கள் முன்பே மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். பள்ளியின் வருகைப் பதிவு, விளையாட்டுச் சான்றிதழ், அவனை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரின் கடிதம் ஆகியவற்றையும் அலுவலரிடம் கொடுங்கள். அறிக்கை இரகசியமானது என்றாலும் அதன் சாரத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கக் குழுமத்தால் முடியும். தவறான தகவல் இருந்தால் வழக்கறிஞர் மூலம் மறுத்துச் சான்று தரலாம்.

கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால்

பிணை கிடைக்காத பிள்ளை விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்படுவான். பார்க்க அனுமதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் போங்கள், ஒரு வாரம்கூட விடாதீர்கள். யாரும் பார்க்க வராத பிள்ளை யார் என்பது உள்ளே எல்லோருக்கும் தெரியும், அந்த அறிவு அவனுக்கு நல்லதைச் செய்யாது. 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கல்பட்டில் இத்தகைய அரசு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்ததும், ஊழியர்கள் கைது செய்யப்பட்டதும், அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சந்திப்பின்போது அவன் நடையைப் பாருங்கள், கைகளைப் பாருங்கள், சாப்பிடுகிறானா தூங்குகிறானா என்று கேளுங்கள். மனத்தில் உறுத்தினால் அன்றே எழுத்தில் குழுமத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நேரத்தை வழக்கைப் பற்றிய பேச்சிலேயே தீர்த்துவிடாதீர்கள். தெருவில் என்ன நடந்தது, பாட்டியின் கால் வலி எப்படி இருக்கிறது, நாய் குட்டி போட்டதா என்பதெல்லாம் அவனுக்கு வேண்டும். தேர்வு வந்தாலோ, குடும்பத்தில் இறப்போ கடுமையான நோயோ நேர்ந்தாலோ, பொதுவாக ஒரு முறைக்கு 7 நாளுக்கு மிகாமல் மேற்பார்வையோடு விடுப்பு தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பையனாக இருந்தால், நுழைவுச்சீட்டு வரும்வரை காத்திராமல் தேர்வு அட்டவணை வெளியானதுமே மனுக் கொடுங்கள்.

வழக்கு எந்த வகை

குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுவரை உள்ளவை சிறு குற்றங்கள். செல்போன் திருட்டு, கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடுதல், குறைந்த அளவு கஞ்சா வைத்திருத்தல் ஆகியவை இதில் வரும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ என்று விதிக்கப்பட்டவை கொடிய குற்றங்கள். இடைப்பட்டவை கடுமையான குற்றங்கள். அதிகபட்சம் 7 ஆண்டைத் தாண்டியும் குறைந்தபட்சம் குறிக்கப்படாத கொலை முயற்சி, கொள்ளை போன்றவை எதில் சேரும் என்ற குழப்பத்தை 2020-இல் உச்ச நீதிமன்றமும், பிறகு 2021-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் தீர்த்துவைத்தன. அவை கடுமையான குற்றங்களே.

முதன்முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், கூடினால் இன்னும் 2 மாதம். சிறு குற்றம் அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு முற்றுப்பெற்றுவிடும். இதை வழக்கறிஞர் மறந்தாலும் நீங்கள் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பெரியவர்களோடு சேர்த்து வழக்குப் பதிந்திருந்தாலும் விசாரணை தனித்தனியாகவே நடக்கும் என்பதால், அந்தப் பெரியவர்களின் வழக்கறிஞரே உங்கள் பிள்ளைக்கும் வாதாட முன்வந்தால் நன்றாக யோசியுங்கள். இருவரின் நலனும் ஒன்றாக இருப்பது அரிது.

16 வயது நிரம்பியவன் மீது கொடிய குற்றம் சுமத்தப்பட்டால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு ஒன்றைச் செய்யும். 2012-ஆம் ஆண்டின் தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் வந்த பிரிவு இது. குற்றம் செய்யும் உடல், மன வலிமை இருந்ததா, விளைவை உணரும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்த்து, அவனைப் பெரியவரைப் போல விசாரிக்க வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்யும் உறுப்பினர் இல்லாவிட்டால், அத்தகைய வல்லுநரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பையனுக்குக் கற்றல் குறைபாடு, வலிப்பு, தலையில் அடிபட்ட வரலாறு, சிகிச்சை பெற்ற மனநலப் பிரச்சினை ஏதேனும் இருந்தால் அந்த ஆவணங்களை இந்தக் கட்டத்திலேயே கொடுக்க வேண்டும். மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டை விட்டுப் போய், பெண்ணின் தந்தை கொடுத்த புகாரில் கொடிய குற்ற வகையில் வந்து நிற்பது நமது குழுமங்களில் அபூர்வமானது அல்ல. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. இங்கே இரு வீட்டாரும் கூடிப் பேசி "கல்யாணம் பண்ணி வச்சிடலாம்" என்று இறங்கினால், குழந்தைத் திருமணம் என்ற இன்னொரு வழக்கு பெரியவர்கள் மீதே வரும். பெண்ணையோ அவள் வீட்டாரையோ நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள், பையனும் தொடர்புகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை அவனிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவில்

பெற்றோர் அதிகம் தடுமாறுவது இந்த மாதங்களில்தான். பையன் வீட்டில் இருப்பான், தந்தை அவனோடு பேச மாட்டார், தாய் இரகசியமாகச் சோறு போடுவார். அந்த மௌனம் அவனைத் திரும்பவும் அதே கூட்டாளிகளிடம் தள்ளுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நடந்தது தவறு என்றால் அதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புங்கள். இரவு சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாயும் தந்தையும் சேர்ந்து வர முடிந்தால் வாருங்கள், கூலி போகுமென்றால் முறைவைத்து ஒருவராவது வாருங்கள். தேதியை ஒரு நோட்டில் எழுதி, அன்று என்ன நடந்தது, அடுத்தது என்ன என்பதைத் தேதிவாரியாகக் குறியுங்கள். பொதுத்தேர்வு நாளில் வாய்தா விழுந்தால், அவன் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம்.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுவது நல்லது, வதந்தி உங்களை முந்தக் கூடாது. எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொன்னால் போதும். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தினால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல், குழுமத்திடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றைச் செய்தியிலோ சமூக ஊடகத்திலோ வெளியிடுவது 6 மாதம் வரை சிறைக்கும் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். உறவினர் வாட்சாப் குழுவில் "நம்ம பையனுக்காக வேண்டிக்கங்க" என்று படத்தோடு போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

உத்தரவும் அதன் பின்பும்

குற்றம் நிரூபணமானாலும் குழுமத்தின் கையில் பல வழிகள் இருக்கின்றன. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கோ சமூக சேவைக்கோ அனுப்பலாம், அபராதம் விதிக்கலாம், பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தை உறுதிப் பத்திரத்தோடு விடலாம், சிறப்பு இல்லத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு அனுப்பலாம். பெரியவரைப் போல விசாரிக்கும்படி குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில்கூட, 21 வயதுவரை அவனைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டுமே தவிரச் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தையில் விட்டால், பத்திரத்தில் கையெழுத்திடுகிறவர் நீங்கள். அலுவலரைச் சந்திக்கும் தேதி, போகக் கூடாத இடம், சேரக் கூடாத ஆட்கள் என்று அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் பையனோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள்.

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்காமல் வராதீர்கள். சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கு அவனுடைய படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவாகாது. 16 வயதுக்கு மேற்பட்டவன் குழந்தைகள் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட வழக்கு மட்டும் இதற்கு விலக்கு. மேல்முறையீட்டுக் காலமோ விதியில் சொன்ன 7 ஆண்டோ கடந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை வெளியிடக் கூடாது. சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கைக் காட்டி வேலை மறுப்பது சரியல்ல என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஐந்தாறு ஆண்டு கழித்து, பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விசாரிக்க வருகிற காவலர் பழைய பதிவேட்டைப் புரட்டி ஏதாவது கேட்கக்கூடும். அன்றைக்கு எடுத்துக் காட்டுவதற்காக, அந்த நகலைக் குடும்ப அட்டை இருக்கும் அதே உறையில் போட்டு, எந்த உறை என்பதைப் பையனிடமும் சொல்லி வையுங்கள்.